மிதவாதியர் மன்றம் நீங்கிய வரலாறு

சென்னைக்கு மேற்கே யாம் வாழும் பாடி, திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் அமைந்த ஊராகும். பாடி என்பது ஊர்க்கும் பெயர்; போர்மேற் சென்ற படை தங்கும் இடத்திற்கும் பெயர். அரசியற் கட்சிகள் ஊர்போல் இருந்த நிலை மாறிப் பாசறைகளாகுங் காலத்து, இரு பாசறைக்கும் இடையே நின்றோர் என்னாயினர் என்னும் வினா எமக்கு நெடுநாளாக உண்டு. அவ்வினாவிற்குச் சென்னை மாகாணத்து மிதவாதியர் வரலாறு விடை தரும் எனக் கருதுகின்றோம்.

முதற்கண் பெயர்களை நோக்குவாம். பாரதியார் பாடலொன்றன் தலைப்பில் ‘நிதானக் கட்சியார்’, ‘புதிய கட்சித் தலைவர்’ என்னும் தொடர்கள் எதிரெதிரே நிற்கின்றன. மிதவாதி, தீவிரவாதி என்னும் சொற்களும் வழங்கின. தீவிரவாதி என்பது இன்று படைக்கலம் ஏந்தி அச்சம் விளைப்போனைக் குறிக்கும். அன்றோ திலகரையும் வ. உ. சிதம்பரம் பிள்ளையையும் குறித்தது. பழைய இதழ்களைப் பயிலும் மாணவர் இதனை மறத்தலாகாது.

தொடக்கத்தில் இரு சாராரும் பேசிப் பழகும் நிலை இருந்தது. ‘இந்தியா’ இதழில் மிதவாதியரைப் பாரதியார் கடுமையாகச் சாடிவந்தார். ஆயினும் அக்கட்சியின் தலைவருள் ஒருவரான வி. கிருஷ்ணசாமி ஐயர், பாரதியாரின் பாடல்கள் சிலவற்றை 1907இல் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் சூரத்துக் காங்கிரசு செருப்பு வீச்சோடு குலைந்தது. 1908இல் சென்னையிற் கூடிய காங்கிரசு மிதவாதியர் மட்டும் கூடிய காங்கிரசே. 1916இல் இலட்சுமணபுரியில் இரு பகுதியும் இணைந்தன. மாண்டேகு–செம்ஸ்போர்டு அறிக்கையால் 1918இல் மீண்டும் பிரிந்தன. இம்முறை வெளியேறினோர் மிதவாதியர். லிபரல்கள் என்னும் பெயரொடு தனியே கூடினர்.

வலங்கைமானிற் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக விளங்கிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், 1916இல் இந்தியச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1919 பிப்ரவரியில் ரௌலட் சட்ட முன்வரைவை அவர் எதிர்த்துப் பேசிய பேச்சு நாடெங்கும் போற்றப்பட்டது. மறுமாதமே, அச்சட்டத்தை மீறும் சத்தியாக்கிரகத்தையும் ஏற்கவியலாது என லிபரல் தலைவர் சிலரொடு சேர்ந்து அறிக்கை விடுத்தார். சட்டம் தீது; மீறுதலும் தீது என்பது அவர்தம் நிலை. அரசும் அவர் சொல்லைக் கேட்கவில்லை, மக்களும் கேட்கவில்லை.

1920 தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தமையால் லிபரல்கட்கு மன்றத்தில் இடங் கிடைத்தது. மைய சட்டசபையில் அமர்ந்த பி. எஸ். சிவசாமி ஐயர், படைத்துறையில் இந்தியர்க்கு உரிய இடம் வேண்டி 1921இல் தீர்மானங்கள் கொணர்ந்தார். இன்று படிப்பினும் அவை உழைப்பு மிக்கனவாகத் தோன்றும். 1923இல் சுயராச்சியக் கட்சியார் தேர்தலிற் புகுந்தனர். சிவசாமி ஐயர் தோற்றார். வங்கத்தில் சுரேந்திரநாத பானர்ஜி, அரசியலுக்குப் புதியவரான பிதான் சந்திர ராயிடம் அவ்வாண்டே தோற்று ஒதுங்கி, 1925இல் மறைந்தார். ஐக்கிய மாகாணத்தில் சிந்தாமணி அமைச்சர் பதவியை விட்டு விலகியதும் 1923இல்தான். சென்னையிலோ நீதிக்கட்சி வேறு ஒருபுறம் வலுத்து நின்றது.

இவர்தம் வீழ்ச்சியைக் கட்சிப் பகைமை ஒன்றன்மேல் ஏற்றிச் சொல்வோர் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. சொத்துடைய சிலர்க்கே வாக்குரிமை இருந்த காலத்தும் இவர்கள் தோற்றனர் என்பதை எண்ணுக. சாஸ்திரியாரின் நாவன்மை ஆங்கில நாவன்மை. அதனைக் கேட்டு மகிழ்ந்தோர் மன்றத்தினர். 1908இல் சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவமும் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் தமிழில் பேச, ஆலைத் தொழிலாளரும் கடைக்காரரும் திரண்டனர். மிதவாதத்தைத் தமிழிற் சொல்ல வல்லார் இல்லாமற் போகவில்லை. ‘சுதேசமித்திர’னை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் இருந்தார். ஆனால் மக்கள் மொழியில் எழுத எழுத அவரே தீவிரக் கட்சியின் பக்கம் சாய்ந்து, 1908இல் சிறைப்பட்டார்! இது தற்செயலாகுமோ என்பது ஆராயத்தக்கது.

மன்றம் நீங்கியோர் கல்விப்பணியிற் புகுந்தனர். சிவசாமி ஐயர் திருக்காட்டுப்பள்ளிப் பள்ளிக்கும் மயிலாப்பூர்ப் பெண்கள் பள்ளிக்கும் துணைநின்றார். சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்தார். பிளவு ஆங்கும் அவரை விடவில்லை. 1940இல் அறிவியற் கலைச்சொற் குழுவிற்கு அவர் தலைவராக, வடசொற்கள் மிகுமென அஞ்சிய தமிழறிஞர் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியின் பயனை இன்றும் நம் பாடநூல்களிற் காண்கின்றோம். அதனைக் குறை கூறோம். எனினும் வாழ்நாளெல்லாம் நடுவழி தேடிய ஒருவர், முதுமையிலும் ஒரு பாசறைக்கு உரியவராகவே எண்ணப்பட்டார்.

1946 சனவரியில் சென்னைக்கு வந்த காந்தியடிகள், நோயுற்று மருத்துவமனையிற் கிடந்த சாஸ்திரியாரை நேரிற் சென்று கண்டார். ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். சிவசாமி ஐயர் அவ்வாண்டு நவம்பரில் மறைந்தார்.