முகாமும் கட்டளைத் தாளும்

முகாம் என்ற சொல் வன்னியில் இரு தலைமுறையினருக்கு இருவேறு பொருள் தருவது. அக்கராயன் குளக்கரையில் ஓகஸ்ட் விடுமுறையிற் பாசறை அமைக்கும் மாணவனுக்கு அது கூடாரமும் கூட்டாஞ்சோறும். அவனைப் பெற்றவர்களுக்கோ, 1996 இற் கிளிநொச்சி வீழ்ந்தபோது அக்கராயனிலும் ஸ்கந்தபுரத்திலும் மரநிழலிற் கழிந்த நாட்கள். 2009 இற் செட்டிகுளத்து மெனிக் பாமின் முட்கம்பிகள். ஆயினும் இரு முகாம்களுக்கும் பொதுவாக ஒன்று வேண்டியிருக்கிறது. வைத்தியர் அருகில் இல்லாத வேளையில் தாதி எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று முன்கூட்டியே எழுதி, வைத்தியர் ஒப்பமிட்ட தாளே அது. பாராளுமன்றத்தார் தம் விவாத விதிகளுக்குச் சூட்டிய நிலையியற் கட்டளை என்னும் பெயரையே இதற்கும் வழங்கலாம். அங்கே பேசுவதற்காக விதி; இங்கே பேச நேரமில்லாமையால் விதி.

இத்தாளின் முன்னோரைத் தேடப் புகுந்தால் நாம் மானிப்பாயில் நிற்போம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டே அங்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். முதலிற் போதனை ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் தேறியவர் உத்தியோகத்தை நாடினர்; கிராமமோ முன்போலவே வைத்தியரின்றிக் கிடந்தது. தமிழிற் கற்றவனே தன் ஊரில் தங்குவான் என்று கண்ட கிறீன், 1864 முதல் தமிழிற் கற்பித்தார். பிரசவ வைத்தியம் 1857 இலும், இரண வைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872 இலும் வெளிவந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் வைத்தியராகினர். அவர் மதம் பரப்ப வந்தவரே, அதை மறைப்பானேன்? எனினும், தனித்து நிற்கும் ஒருவன் நள்ளிரவில் விரித்துப் பார்த்து விளங்கிக்கொள்ளத்தக்க மொழியில் மருத்துவம் இருக்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்த அளவுக்கு நம் கல்விமான்கள் உணரவில்லை. 1870 இற் கொழும்பில் மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் எழுந்தது. 1873 இற் கிறீன் தாயகம் மீண்டபின் மானிப்பாய் ஊற்றும் வற்றியது.

1934-35 மலேரியாக் கொள்ளையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்ட காலத்தில், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சூரியமல் இயக்கத் தொண்டரும் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றனர். மருந்தை எடுத்துச் செல்ல மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை என்பதை நாடு அன்று கண்டது.

ஆனால் இதனை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது 1971 இன் ஓர் அகதி முகாமே. கிழக்கு வங்கத்திலிருந்து உயிர் தப்பி வந்தோர் குவிந்த எல்லைப்புறப் பங்காவோனில் கொலரா பரவிற்று. நரம்புவழி ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் குளுக்கோசு 22 கிராம், உப்பு 3.5 கிராம், அப்பச்சோடா 2.5 கிராம் என ஒரு லீற்றர் நீருக்குக் கணக்கிட்டு, பொடியைப் பொலித்தீன் பைகளில் அடைத்து, கரைக்கும் முறையை எழுதி ஒட்டுவித்தார். புகட்டியவர் யார்? நோயாளியின் தாய், தமையன், கூட வந்த அயலவர். முன்பு நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம், அவர் பராமரிப்பில் நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது. வாய்வழி நீரை நம்பாத வைத்தியர் அன்று பலர். சாதாரண மக்களின் கையில் மருத்துவத்தை ஒப்படைப்பதா என்ற தயக்கமும் அந்த அவநம்பிக்கையின் ஓரத்தில் இருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். இன்று நம் மருந்துக் கடைகளிற் கிடைக்கும் ஜீவனிப் பொதி அந்தப் பைகளின் வழித்தோன்றல்.

அக்கராயனில் எழுதப்படும் தாள் எவ்வாறிருக்க வேண்டும்? "காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்க" என்பது கட்டளையாகாது. பரசிற்றமோல் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு ஆறு மணித்தியாலம். ஆகவே பாசறைக்கு வருமுன்னரே பிள்ளையை நிறுத்து எடையைப் பதிந்திருக்க வேண்டும். எடை எழுதாத பிள்ளையிடம் இக்கட்டளை ஊமையாகிவிடும். டெங்கு ஐயமிருக்கும் வரை அஸ்பிரினும் இபுபுரோபெனும் கூடா. ஒவ்வாமை உள்ள பிள்ளையின் பெயர் தாளின் தலைப்பிலேயே நிற்க வேண்டும்; அடியில் நின்றாற் கண்ணிற் படாது. முன்னைய தாளாயின் காய்ச்சல் என்றதும் இரத்தப் பூச்சு எடுக்கும் கட்டளையே முதலில் வந்திருக்கும். 1963 இல் 17 பேராகக் குறைந்த மலேரியா, கண்காணிப்புத் தளர்ந்ததும் சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோரைப் பற்றிய நாடு இது. 2016 இல் மலேரியா ஒழிந்த நாடெனச் சான்று பெற்றபோதும், வெளிநாடு சென்று மீண்டவனுக்கு அந்த வரி இன்னும் பொருந்தும்.

வன்னியில் மிகக் கவனமாக எழுதவேண்டியது பாம்புக்கடி பற்றிய வரியே. அதிற் செய்யத்தகாதனவே மிகுதி. கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, பாம்பைத் துரத்தி நேரத்தைப் போக்காதே. கடிபட்ட அங்கத்தை அசையாது வைத்து, பிள்ளையை நடக்கவிடாது, விஷமுறி மருந்தும் அதனால் விளையும் ஒவ்வாமையைத் தாங்கும் வசதியும் உள்ள வைத்தியசாலைக்கு உடனே அனுப்பு. அனுப்புவது எப்படி? 2018 முதல் வடக்கிலும் ஓடும் இலவச நோயாளர் ஊர்தியின் 1990 என்ற இலக்கம் முதலில். அது வரத் தாமதித்தால் ஓடுவதற்கு எந்த வாகனம், யார் சாரதி, இரவில் அவர் எங்கே படுத்திருப்பார் என்பது அடுத்த வரியில்.