பலவான் அகஸ்டஸும் பீங்கான் மோகமும்

பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியாரின் கப்பல்கள் சீனத்திலிருந்தும் யப்பானிலிருந்தும் கொணர்ந்து இறக்கிய பண்டங்களுள், ஐரோப்பிய அரசரையும் செல்வரையும் பெரிதும் மயக்கியது பீங்கானேயாம். தட்டின் மணிபோல் ஒலிக்கும் அதன் உறுதியும், மெல்லிய விளிம்பினூடே ஒளி புகும் தன்மையும் ஐரோப்பியக் குயவர்க்கு எட்டாத அற்புதங்களாய் இருந்தன. அவர்கள் செய்தவை சாதாரண மட்பாண்டங்களுக்கு வெள்ளீயங் கலந்த வெண்பூச்சுப் பூசிச் சுட்டவை. ஓரம் சிறிது பெயர்ந்தால் உள்ளிருக்கும் மண் தன் நிறத்தைக் காட்டிவிடும். ஆகவே, சீனப் பீங்கானைத் தேடித் திரட்டுதலும், அதற்கென அரண்மனையில் ஓர் அறை வகுத்துச் சுவர் மறையும்படி அடுக்கிவைத்தலும் அக்காலப் பெருமக்களின் பெருமைக்கு அடையாளங்களாயின.

இத்துறையில் எவரையும் விஞ்சி நின்றவன் ஜேர்மனியின் சக்சனி நாட்டரசன் அகஸ்டஸ் ஆவான். பலவான் எனப் பட்டம் பெற்ற இவன் 1694 இல் சக்சனியின் ஆட்சியை ஏற்று, 1697 இல் போலந்தின் முடியையும் பெற்றான். அம்முடிக்காகத் தன் முன்னோரின் புரட்டஸ்தாந்து மதத்தையே துறந்தவன், பீங்கானுக்காக எதைத்தான் துறக்கமாட்டான்? பீங்கான் ஆசை ஒருவகை நோய், அது பற்றியவனுக்குப் போதும் என்ற எண்ணம் ஒருபோதும் தோன்றாது என்ற கருத்துப்படத் தன் அமைச்சனுக்கு அவனே எழுதினான். நோயை அறிந்தும் மருந்தை நாடாத நோயாளி அவன்.

வாங்கிக் குவித்ததோடு அவன் அமையவில்லை. அதனைச் செய்யும் இரகசியத்தையும் விரும்பினான். பேர்லினில் மருந்துக்கடை ஒன்றிலே தொழில் பயின்ற பொட்கர் என்னும் இளைஞன், தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்க வல்லேன் என்று கூறிப் பெயர் பெற்றிருந்தான். பிரசிய மன்னன் தன்னைப் பிடிக்க முயல்வதறிந்து 1701 இல் அவன் சக்சனிக்கு ஓடினான். வலைக்குத் தப்பிய மீன் கூடைக்குள் வீழ்ந்தது. அகஸ்டஸ் அவனைக் காவலில் வைத்துப் பொன் செய்யுமாறு பணித்தான். பொன் பிறக்கவில்லை. ஆயின், கணித விற்பன்னரும் பெருங் கண்ணாடி வில்லைகளாற் சூரிய வெப்பத்தைக் குவித்து மண்வகைகளை உருக்கி ஆராய்ந்தவருமான சிர்ன்ஹவுஸ் என்னும் அறிஞரின் மேற்பார்வையில் அவன் விடப்பட்டமை வரலாற்றின் போக்கையே மாற்றியது. வெண்களிமண்ணை, கடுஞ்சூட்டில் உருகி அதனைப் பிணைக்கும் வேறொரு பொருளோடு கலந்து, சாதாரணச் சூளைகள் காணாத வெப்பத்திற் சுடவேண்டுமென்பது படிப்படியாகப் புலனாயிற்று. 1708 சனவரியில் எழுதப்பட்ட ஆய்வுக் குறிப்பொன்றில் வெற்றி தரும் கலவைகள் காணப்படுகின்றன. அவ்வாண்டு ஒக்டோபரில் சிர்ன்ஹவுஸ் இறந்தார். 1709 மார்ச்சில் வெண்பீங்கான் கைகூடிற்று என்று பொட்கர் அரசனுக்கு அறிவித்தான். புகழின் பெரும்பகுதி பொட்கருக்கே சென்றது. மூத்தவருக்கு உரிய பங்கு நெடுங்காலம் மறைந்து கிடந்தமை வருந்தத்தக்கதே.

1710 இல் மைசன் நகரின் மலைக்கோட்டையிலே தொழிற்சாலை நிறுவப்பட்டது. உயர்ந்த மதில்கள் பகைவரைத் தடுப்பதற்காகவன்றி, உள்ளிருக்கும் இரகசியம் வெளியேறாதிருத்தற் பொருட்டே பயன்பட்டன. அப்படியிருந்தும், பத்தாண்டு கழியுமுன் தொழிலாளர் சிலர் வியன்னாவுக்குத் தப்பியோடி அங்கே பீங்கான் செய்ய உதவினர். பொட்கருக்கோ 1714 இலேதான் விடுதலை கிடைத்தது. நெடுநாட் சிறையினாலும் சூளைப் புகையினாலும் மதுவினாலும் நலிந்த அவன் 1719 இல், முப்பத்தேழாவது வயதில் மாண்டான்.

சொந்த ஆலை வேலை தொடங்கிய பின்னரும் அரசனின் சீனப் பீங்கான் மோகம் தணிந்திலது. ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரமான நீலவண்ண மூடிச்சாடிகளைச் செய்யும் திறமை மைசனுக்கு அப்போது வாய்க்கவில்லை. அத்தகையன அயல்நாடாகிய பிரசியாவின் அரண்மனைகளில் இருந்தன. அங்கே அரசனாயிருந்த முதலாம் பிரெடறிக் வில்லியம் ஆடம்பரத்தை வெறுத்தவன். தந்தை அரும்பாடுபட்டுச் சேர்த்த பீங்கான்களை வீண்பொருளெனக் கருதியவன். அவனுக்கும் ஒரு சேகரிப்பு இருந்தது. நெட்டையான போர்வீரரை நாடெங்கும் தேடித் திரட்டுவதே அது! 1717 இல் இவ்விரு சேகரிப்பாளரும் ஓர் உடன்பாடு செய்தனர். சார்லற்றன்பேர்க், ஒரானியன்பேர்க் அரண்மனைகளிலிருந்து 151 பீங்கான்கள் அகஸ்டஸுக்கு வந்தன. சக்சனியின் குதிரைப்படை வீரர் 600 பேர், குதிரையும் படைக்கலமும் இன்றிப் பிரசியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட படை பீங்கான் படை என்றே வழங்கிற்று. ஏறத்தாழ நான்கு ஆளுக்கு ஒரு பாண்டம் என்பது கணக்கு. அவ்வறுநூற்றுவரின் விருப்பத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆயினும் அகஸ்டஸை வெறும் பித்தனெனத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. அதே ஆண்டில் திறெஸ்டன் நகரில் ஒரு மாளிகையை வாங்கிப் பீங்கானுக்கென ஒதுக்கினான்; பின்னர் அது யப்பானிய அரண்மனை எனப் பெயர் பெற்றது. 1721 இல் பொருள்கள் யாவும் வகைவகையாகப் பதியப்படலாயின. பதிவேட்டில் உள்ள இலக்கமும் வகைக்குறியும் பாண்டங்களின் அடியிலேயும் பொறிக்கப்பட்டன. இன்றும் ஒரு பழைய சீனக் கிண்ணத்தின் அடியில் அக்குறியைக் கண்டவர், அது திறெஸ்டனிலிருந்து வந்ததென அறிந்துகொள்வர். எந்தப் பொருள் எந்த ஆண்டுக்கு முன் செய்யப்பட்டதென நிறுவுதற்கு அப்பதிவேடு ஆராய்ச்சியாளர்க்குப் பெருந்துணையாயிற்று. மைசனின் குறுக்கு வாட்குறியையோ, அதன் புகழ் கண்ட பிறர் எளிதிற் போலிசெய்தனர். ஆகையால் அதனை மட்டும் நம்பி விலைகொடுத்து ஏமாந்தவர் பலர்.

தன் அரண்மனைக்கென ஆளுயரத்தை அணுகும் விலங்குருவங்களையும் பீங்கானிற் செய்ய அரசன் கட்டளையிட்டான். 1731 இல் ஆலையிற் சேர்ந்த கென்ட்லர் என்னும் சிற்பி அவற்றை உயிர்ப்போடு வனைந்தான். சூளையில் அவற்றுட் பல வெடித்தன, வெடிப்போடேயே ஏற்றுக்கொள்ளப்பட்டன. 1733 இல் அரசன் இறந்தபோது அரண்மனை நிறைவேறவில்லை. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பீங்கான்கள் காலப்போக்கில் நிலவறைக்குள் முடங்கின. 1756 இல் பிரசியப் படை சக்சனியைக் கைப்பற்றியபோது மைசன் ஆலையும் அதன் கையில் அகப்பட்டது. அதனைத் தடுக்கப் போதிய படை சக்சனியிடம் இருந்திலது.

இரண்டாம் உலகப் போரின் முடிவிற் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பீங்கான்கள் 1958 இல் மீண்டன. 1962 முதல் அவை திறெஸ்டனிலுள்ள சுவிங்கர் மாளிகையில் வைக்கப்பட்டுள்ளன. குதிரைவீரர்க்கு ஈடாக வந்த நீலச் சாடிகள் அங்கே நிற்கின்றன. குதிரைவீரர் சாடிகள் என்பதே இன்றும் அவற்றின் பெயர்.