சேப்பாக்கம் - தோற்றவர்களுக்கும் கைதட்டிய மைதானம்

கெங்கவல்லி போன்ற ஊர்களில் சேப்பாக்கம் மைதானத்தை நேரில் பார்த்தவர்களை விட, வானொலி வர்ணனையில் கேட்டவர்களே அதிகம். அந்த மைதானத்தின் கதை கொஞ்சம் பார்ப்போமா?

ஒரு காலத்தில் அது ஆற்காடு நவாபின் அரண்மனைத் தோட்டம். பின்னர் 1846-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் வெள்ளையர்களுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை தந்த கிளப் அது. அதே மண்ணில்தான் இந்தியா தலைநிமிர்ந்தது!

1934 பிப்ரவரி 10-ம் தேதி இங்கே முதல் டெஸ்ட் தொடங்கியது. ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து வென்றது. அதே ஆண்டு நவம்பர் 4-ல் முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டமும் இங்கேதான். சென்னையும் மைசூரும் மோதின; ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது.

சரியாக 18 ஆண்டுகள் கழித்து, 1952 பிப்ரவரி 10. அதே இங்கிலாந்தை இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் இந்தியா வீழ்த்தியது. வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார். 1932-ல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியாவுக்கு அதுவே முதல் வெற்றி!

1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்ட் 'டை' ஆனது. இந்தியாவின் இலக்கு 348, எடுத்தது 347. வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்தார். டெஸ்ட் வரலாற்றில் இன்றுவரை இரண்டே இரண்டு 'டை'தான். இன்னொன்று 1960-ல் பிரிஸ்பேனில்.

ஆனால் சேப்பாக்கத்தின் உண்மையான பெருமை ஒரு தோல்வியில் இருக்கிறது. 1999 ஜனவரி. பாகிஸ்தான் அணி வரக்கூடாது என்று டெல்லி ஆடுகளத்தையே சிலர் தோண்டிப் போட்டிருந்த நேரம். சென்னையில் இலக்கு 271. முதுகுவலியோடு சச்சின் 136 அடித்து அவுட் ஆனபோது தேவை வெறும் 17 ரன். மீதமிருந்த மூன்று விக்கெட்டுகளும் நான்கே ரன்னில் போயின. 12 ரன்னில் தோல்வி.

சில நொடி அமைதி. பிறகு கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து நன்றி சொன்னார்கள்.

மைதானம் பலமுறை மாறிவிட்டது. எம்.ஏ.சிதம்பரம் பெயர் வந்தது. 2011-ல் புதிய கேலரிகள் எழுந்தன. அவற்றில் மூன்று, அனுமதிச் சிக்கலால் 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2023-ல் இன்னொரு புதிய கேலரியும் திறக்கப்பட்டது.

கட்டடத்தை யாரும் இடித்துக் கட்டலாம். ஆனால் எதிரணிக்கும் எழுந்து நிற்கும் அந்த மனசை, அடுத்தடுத்து வரும் ரசிகர்கள்தான் காப்பாற்ற வேண்டும்!