பேப்பர் பெட்டியும் பேப்பர் பலகையும்

முழங்கால் வலியால் இரண்டு வாரமாக எதுவும் எழுதவில்லை. இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் நம் பள்ளிப் பிள்ளை ஒருவன் ஒரு போட்டோ அனுப்பினான். நடைபாதை ஓரத்தில் ஒரு இரும்புப் பெட்டி, நாலு கால், முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே ஒன்றுமில்லை. "டீச்சர், இது என்னன்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். எனக்குத் தபால் பெட்டி மாதிரிதான் தெரிந்தது. அது செய்தித்தாள் விற்கும் பெட்டியாம். காசு போட்டால் கதவு முழுதாகத் திறக்கும். பத்துப் பேப்பரை எடுத்தாலும் கேட்க ஆள் கிடையாது, ஆனாலும் ஒன்றைத்தான் எடுப்பார்களாம். இப்போது எல்லோரும் போனில் படிப்பதால் பெட்டிகள் காலியாக நிற்கின்றன என்று எழுதியிருந்தான்.

அவன் 1996-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் பையன். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இப்போதே யார் என்று தெரிந்திருக்கும். அந்தச் செய்திகள் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தன என்பதும் ஞாபகம் இருக்கும்: ஸ்டேஷன் வாசல் பேப்பர்காரரிடமிருந்து.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்தது அம்பத்தூர், ஆவடி ரயில் பாதையை ஒட்டிய ஒரு ஊர் நடுநிலைப்பள்ளியில். அந்தப் பாதை பழசு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு இந்த வழியாகத்தான் போனது. பின்னால் டி.ஐ. சைக்கிள், டன்லப், 1960-களில் அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி டாங்கி தொழிற்சாலை எல்லாம் வந்தபோது, விடியற்காலை ரயிலில் ஷிப்டுக்குப் போகிற கூட்டமும் வந்தது. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ஒரு பேப்பர் பலகை.

நம் பேப்பர்காரரின் கடை என்பது நாலு செங்கல் மேல் ஒரு மரப்பலகை. தினத்தந்தி, தினமணி, தினமலர், தினகரன், இந்து, எக்ஸ்பிரஸ் வரிசையாக இருக்கும். காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். பின்னால் கயிற்றில் கிளிப் போட்டு ராணி, குமுதம், விகடன் தொங்கும். சாயங்காலம் மாலை முரசு வந்தால் அன்றைய தலைப்புப் போஸ்டரைக் கம்பிச் சட்டத்தில் மாட்டுவார். காசு கொடுத்து வாங்கியவர்களைவிட அந்தப் போஸ்டரை நின்று படித்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். அவர் யாரையும் விரட்டியதில்லை. நம் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் ஒரு சலுகை: பலகை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து தலைப்புகளைச் சிலேட்டில் எழுதிக்கொள்ளலாம், காசு வேண்டாம். "கசக்காம திருப்புடா" என்று மட்டும் சொல்வார்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். பையன் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் லேக்வுட் என்று ஒரு ஊர். கிளீவ்லாந்து நகரத்துக்கு அது புறநகர், நமக்கு அம்பத்தூர் எப்படியோ அப்படி. இந்தப் பெட்டிகளுக்காக அந்தச் சின்ன ஊர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வழக்கறிஞராக இருக்கும் என் தங்கை மகனிடம் கேட்டேன், தீர்ப்பை எடுத்துக் கொடுத்துப் பொறுமையாக விளக்கினான்.

லேக்வுட்டில் முதலில் பொது இடத்தில் பேப்பர் பெட்டியே வைக்கக் கூடாது என்று விதி இருந்தது. பிளெய்ன் டீலர் என்ற நாளிதழ் வழக்குப் போட்டது. அப்படி முழுதாகத் தடுப்பது செல்லாது என்று கீழ் நீதிமன்றம் சொன்னதும், ஊர் புது விதி எழுதியது. மேயரிடம் வருடாந்திர அனுமதி வாங்க வேண்டும், பெட்டியின் வடிவத்தைக் குழு ஒன்று பார்க்க வேண்டும், விபத்துக்குக் காப்பீடு வேண்டும். இவற்றோடு மேயருக்கு எது தேவை, எது நியாயம் என்று படுகிறதோ அந்த நிபந்தனைகளையும் அவர் சேர்க்கலாம். 1988 ஜூனில் உச்ச நீதிமன்றம் இதை 4-க்கு 3 என்ற கணக்கில் செல்லாது என்றது. பெட்டிக்கு விதியே கூடாது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. அளவுகோல் எழுத்தில் இருக்க வேண்டும், ஒரு மனிதரின் மனதுக்குள் இருக்கக் கூடாது என்றார்கள். அனுமதி தருவதும் மறுப்பதும் மேயரின் இஷ்டம் என்றானால், அவரைத் திட்டி எழுதும் பேப்பர் என்ன செய்யும்? மறுக்கக்கூட வேண்டாம், மறுத்துவிடுவாரோ என்ற பயம் போதும், பேப்பர் தானாக அடங்கிவிடும் என்பது அவர்கள் வாதம்.

ஐந்து வருடம் கழித்து 1993-ல், அதே ஒஹையோவின் சின்சினாட்டி நகரத்து வழக்கு. நடைபாதை அழகையும் பாதுகாப்பையும் காரணம் சொல்லி, விளம்பர இதழ்களின் 62 பெட்டிகளை எடுக்கச் சொன்னது நகராட்சி. அந்த ஊர் நடைபாதைகளில் மொத்தம் இருந்த பெட்டிகள் 1,500-க்கும் மேல். 62-ஐ எடுத்தால் நடைபாதை எப்படிச் சரியாகும் என்று கேட்டு நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அன்று ராத்திரி தூக்கம் இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நம் நாட்டிலும் இது தெரியாத சங்கதி இல்லை. சொல்லப்போனால் நம் சென்னை மாகாணத்திலிருந்தே தொடங்குகிறது. பம்பாயிலிருந்து வந்த கிராஸ் ரோட்ஸ் என்ற பத்திரிகை இங்கே நுழையவும் விற்கவும் கூடாது என்று 1950 மார்ச்சில் சென்னை அரசு உத்தரவு போட்டது. அதை நடத்திய ரொமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். அதே வருடம் மே மாதம் தடை செல்லாது என்று தீர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் மாகாணத்துக்காரரான பதஞ்சலி சாஸ்திரி. அச்சடிக்கும் சுதந்திரம் மட்டும் போதாது, அது மக்கள் கைக்குப் போய்ச் சேரும் சுதந்திரமும் அதில் அடக்கம் என்பது அதன் சாரம்.

ஆனால் மக்கள் கைக்குப் போய்ச் சேரும் அந்தக் கடைசி பத்தடி இருக்கிறதே, ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்து பேப்பர் பலகை வரை, அதைப் பத்திரிகைச் சுதந்திரம் என்று இங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அப்போது பெரிய ஸ்டேஷன்களுக்குள் ஹிக்கின்பாதம்ஸ் ஸ்டால் இருந்தது, அதற்கு ரயில்வேயுடன் ஒப்பந்தமும் இருந்தது. வாசலுக்கு வெளியே வந்தால் அப்போது இருந்தது 1920-ம் வருடத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதன்படி தெருவில் இருந்த எதுவும் ஆக்கிரமிப்பு, எடுக்க முடிந்தது. பேப்பர் பலகையும் பட்டாணிக் கூடையும் அதற்கு ஒன்றுதான். அமெரிக்காவில் பெட்டியைக் காப்பாற்றியது உள்ளே இருந்த பேப்பர். இங்கே பேப்பரைக் காப்பாற்ற வேண்டியவர் பலகைக்குப் பின்னால் நின்ற ஆள், அவரையோ காப்பாற்ற யாரும் இல்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

1996 மழைக்காலம். பள்ளி வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை நடைபாதையில் நடக்க முடியாது. ஒரு ஜூஸ் கடை சிமெண்ட் மேடையே கட்டி வெளியே நீட்டியிருந்தது, பக்கத்தில் டயர் கடை. பிள்ளைகள் ரோட்டில் இறங்கித்தான் நடப்பார்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று மேல் மோட்டார் சைக்கிள் மோதி கை உடைந்தது. பெற்றோர்கள் கொதித்தார்கள். ஒரு மனு எழுதினோம். "எழுதினோம்" என்பது பொய், எழுதியது நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். "பள்ளி முதல் ரயில் நிலையம் வரை உள்ள நடைபாதை ஆக்கிரமிப்புகள் அனைத்தையும் அகற்ற வேண்டுகிறோம்" என்று எழுதினேன். "அனைத்தையும்" என்ற சொல்லுக்கு அடியில் கோடு வேறு போட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை லாரி வந்தது. பலகையையும் கயிற்றில் தொங்கிய புத்தகங்களையும் அன்றைய பேப்பர் கட்டையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. சாமந்திப்பூ விற்ற அம்மாவின் கூடையும் போனது. ஜூஸ் கடை மேடை அப்படியே இருந்தது. அதற்கு ஏதோ ரசீது இருந்ததாம். என்ன ரசீது, யார் கொடுத்தது என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. பேப்பரை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம். நேற்றைய பேப்பரை வைத்து என்ன செய்வார் மனிதர்? பஜ்ஜி மடிக்கலாம்.

இத்தனைக்கும் 1989-லேயே சோடன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமைதான், அரசு அதை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் இன்ன இடம்தான் வேண்டும் என்று வியாபாரி கேட்க முடியாது. வேலை முடிந்து வீட்டுக்கு ஓடுகிற சாதாரண மனிதனுக்கு இந்தக் கடைகள் எவ்வளவு உதவி என்றும் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். ஏழு வருடம் கழித்து மனு எழுதிய டீச்சருக்கு அது தெரியாது. குடிமையியல் பாடம் நடத்தியதும் இதே டீச்சர்தான்.

சட்டமாக வந்தது 2014-ல். தெரு வியாபாரிகள் சட்டம் அந்த வருடம் மே 1 முதல் அமலுக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றச் சொன்னால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அள்ளிய பொருள் அழுகக்கூடியது என்றால் அன்றே, மற்றது இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பேப்பர் என்று தனியாகப் பெயர் சொல்லவில்லை, அன்றாடப் பயன்பாட்டுப் பொருள் என்பதில் அதுவும் அடங்கும். பேப்பர் அழுகும் பொருளா, அழுகாத பொருளா என்று தங்கை மகனிடம் கேட்டேன். சிரித்தான், பதில் சொல்லவில்லை. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது, பூந்தமல்லி நகராட்சியாக இருக்கிறது. மூன்றுக்கும் சட்டம் ஒன்றுதான். நடைபாதைக்கும் குழந்தைகளுக்கும் எதிராக நான் பேசவில்லை. இன்றைக்கும் மனு எழுதுவேன். எந்தக் கடை, எத்தனை அடி என்று எழுதுவேன், "அனைத்தையும்" என்று எழுத மாட்டேன்.

பேப்பர்காரர் அதன் பிறகு சைக்கிளில் வீடு வீடாகப் போட ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்கும் அவர்தான். மாதக் கடைசியில் பணம் வாங்க வரும்போது, "குழந்தைக்குக் கை சரியாயிடுச்சாம்மா?" என்று ஒருமுறை கேட்டார். வேறு எதுவும் கேட்டதில்லை. 2009-ல் காலமானார்.

லாரி வந்த மறுநாள் வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க ஒன்றும் இல்லாமல் அந்தப் பையன் வெறும் சிலேட்டோடு நின்றான். "பலகையை யார் டீச்சர் எடுத்தாங்க?" என்று கேட்டான். "முனிசிபாலிட்டி" என்றேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.

நேற்று ராத்திரி அவனுக்குப் போன் போட்டு, மனு எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் டீச்சர்" என்றான். "அப்பவே அவர் சொன்னாரு. டீச்சர்கிட்ட இதைப் போய்க் கேக்காதேன்னும் சொன்னாரு."