மானிப்பாய்த் தமிழ் மருத்துவப் பள்ளி

மேனாட்டு மருத்துவத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் கற்பித்த நிலையம். மருத்துவ அறிவை ஊராரோடு சேர்ந்து ஆக்க வேண்டும் என்று இன்று பேசுவோர் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று.

அமெரிக்க மிஷன் 1820இல் பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடரைக் கொண்டு வைத்தியப் பணியைத் தொடங்கியிருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறுவருடம் மானிப்பாயில் அமர்ந்து, இளைஞர் சிலருக்கு ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பித்தார். தேறியவர்கள் அரச உத்தியோகத்தை நாடிப் போனார்கள். கிராமத்து நோயாளிக்கோ நாட்டு வைத்தியரான பரியாரியாரை விட்டால் வேறு ஆள் இல்லை.

இதைக் கண்ட கிறீன் 1864இல் பாடமொழியைத் தமிழாக்கினார். தமிழில் படித்தவர் சொந்த ஊரிலேயே தொழில் செய்வார் என்பது அவரது கணக்கு. மாணவர் தமிழ் உடையிலேயே இருக்க வேண்டும் என்றும் விரும்பினார்.

பாடநூல் இல்லாத குறை பெரிது. அதை அவர் தனியே தீர்க்கவில்லை. மாணவர்கள் மொழிபெயர்ப்பில் உழைத்தார்கள். அவர்களில் சாப்மன், டான்வர்த் போன்றோர் நூலைப் படிப்போராக மட்டுமன்றி ஆக்குவோராகவும் ஆனார்கள். 'பிரசவ வைத்தியம்' 1857இலும், 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. இவற்றுக்காகச் சேர்த்த கலைச்சொற்களில் முதலிடம் தமிழுக்கு, அடுத்து வடமொழி, இரண்டிலும் கிடைக்காதபோதே ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் ஏறியது. வேதியியலைக் குறித்த 'கெமிஸ்தம்' அப்படி வந்த பெயர். 1873இல் நாடு திரும்பிய பின்னும் கிறீன் வூஸ்டரிலிருந்து இப்பணியைத் தொடர்ந்தார். 1884இல் காலமானார்.

இந்தக் கூட்டுறவு சமமானதன்று. மிஷனின் நோக்கம் மதமாற்றத்தையும் உள்ளடக்கியது. எதைக் கற்பிப்பது என்பதையும் மிஷனே முடிவு செய்தது. கிறீனிடம் பயின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கென இணுவிலில் மக்லியட் மருத்துவமனை திறக்க 1898 ஆக வேண்டியிருந்தது. ஆனாலும் நோயாளிக்குப் புரியும் சொல்லில் மருத்துவம் பேசலாம் என்று அந்த இளைஞர்கள் காட்டியது சிறிய காரியமல்ல.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதே வழியில் சென்றார். 'மனவடு' என்ற தமிழ்க் கைநூல் உருவானது. ஆசிரியர் முதலிய ஊர்ப் பணியாளர் உளநலப் பராமரிப்பில் பயிற்சி பெற்றனர். 1987இல் தொடங்கிய சாந்திகம் என்ற உளநல அமைப்பு அந்த முயற்சிக்குத் தளமானது. குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்ற அவரது ஆய்வுக் கருத்து, போரால் பாதிக்கப்பட்ட மக்களிடையே செய்த நீண்ட பணியிலிருந்து எழுந்தது.