பணிமேடைச் சூழல் தேர்வு (தன்னியக்கச் சோதனை)

பணிமேடைச் சூழல் தேர்வு என்பது பல இயங்குதளங்களுக்கான வரைகலை மென்பொருளைத் தன்னியக்கமாகச் சோதிப்பதற்கு ஏற்ற பணிமேடையைத் தெரிவு செய்தலாகும். விண்டோசில் பணிமேடை ஒன்றே. லினக்சில் க்னோம், கேடியீ, எக்ஸ்எஃப்சிஇ எனப் பல உள்ளதால் இச்சிக்கல் பெரும்பாலும் லினக்சுக்கே உரியது.

திரை இணைக்கப்படாத கணினிகளில் எக்ஸ்விஎஃப்பி என்னும் மெய்நிகர் காட்சி வழங்கி நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இது படத்தைத் திரைக்கு அனுப்பாமல் நினைவகத்திலேயே வரைகிறது. இதனுடன் சாளர மேலாளர் எதுவும் வருவதில்லை. ஆகவே சாளரத்தைப் பெரிதாக்குதல் போன்ற சோதனைகள், மென்பொருளில் பிழை இல்லாதபோதும் தோல்வியுறலாம். ஓப்பன்பாக்ஸ் போன்ற எளிய சாளர மேலாளரைச் சேர்ப்பது வழக்கமான தீர்வு.

எனினும் எளிய சூழலில் கிடைக்கும் வெற்றி அரைகுறையானதே. எடுத்துக்காட்டாக, லிப்ரெஓபிஸ் தான் இயங்கும் சூழலைக் கண்டறிந்து, க்னோமில் ஜிடிகே நிரலகத்தையும், உரிய பொதி நிறுவப்பட்டிருந்தால் கேடியீயில் கியூட்டி நிரலகத்தையும் கொண்டு இடைமுகத்தை வரைகிறது. ஒன்றில் தோன்றும் பிழை மற்றதில் தென்படாமல் போகலாம்.

எக்ஸ் அமைப்பில் ஒரு செயலி மற்றொன்றுக்குப் போலி விசையழுத்தங்களை அனுப்ப முடியும். பழைய சோதனைக் கருவிகள் பல இதையே நம்பின. வேலண்டின் அடிப்படை நெறிமுறை, பாதுகாப்புக் கருதி, இதற்கு இடமளிப்பதில்லை. கேடியீயின் பிளாஸ்மா 6 (பெப்ரவரி 2024) வேலண்டை இயல்பிருப்பாக்கியது. டாக்டெயில் போன்ற கருவிகள், திரைபடிப்பிகளுக்கென அமைந்த அணுகுதிறன் இடைமுகத்தின் வழியே பொத்தான்களைக் கண்டறிந்து இயக்குகின்றன.