உண்ணாமையும் மாற்றத்துக்கான ஊக்க சிகிச்சையும்

உணவுக் கோளாறு உள்ளவரிடம், மாற வேண்டும் என்ற விருப்பத்தை அவருக்குள்ளிருந்தே வளர்க்கும் பேச்சுவழிச் சிகிச்சை ஊக்க சிகிச்சை எனப்படுகிறது. உடல் மெலிந்த பின்னும் எடை கூடிவிடுமோ என்று அஞ்சி உணவைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்சியா நெர்வோசா, அளவின்றி உண்டு பின் வாந்தி முதலிய வழிகளால் அதை ஈடுகட்டும் புலிமியா நெர்வோசா ஆகியவை இக்கோளாறுகளில் முக்கியமானவை. பிற நோயாளிகள் பொதுவாகக் குணமடைய விரும்புவர். அனோரெக்சியா உள்ளவரோ உண்ணாமையைத் தன் சாதனையாகக் கருதுவதுண்டு. இந்த விருப்பமின்மையைப் பிடிவாதம் என்று ஒதுக்காமல் நோயின் ஒரு பகுதியாக ஏற்று, அதற்கென ஒரு சிகிச்சையை உருவாக்க மருத்துவத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

திருவண்ணாமலையில் உண்ணாமை

தமிழ்ச் சமூகம் உண்ணாமையை மதிப்பது. திருவண்ணாமலையில் கார்த்திகை தீப நாளன்று பலர் பகல் முழுவதும் உண்ணாமல் இருந்து, மாலையில் மலையுச்சியில் மகாதீபம் கண்ட பிறகே உணவு கொள்வர்.

16 வயது வேங்கடராமன் (பின்னாளில் இரமண மகரிஷி) 1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூருக்கு வந்தார். ஆயிரங்கால் மண்டபத்தின் கீழுள்ள பாதாள லிங்கக் குகையில் உடல் நினைவின்றி அமர்ந்திருந்தார். தொடைகளைப் பூச்சிகள் அரித்துப் புண்ணான நிலையில் அவரை வெளியே தூக்கி வந்தனர். அதன்பின் அம்மன் சன்னிதியின் அபிஷேகப் பாலை மௌனசாமி என்ற துறவி அவருக்குக் கொடுத்து வந்ததாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1902 அளவில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளிலிருந்து உருவான 'நான் யார்?' என்ற நூல், அளவான சாத்விக உணவையே சிறந்த நியமமாகச் சொல்கிறது. பிற்காலத்தில் ஆசிரமச் சமையலறையில் அவரே காய் நறுக்கிச் சமைத்தார்.

இவற்றை நோய் என்று கொள்ள முடியாது. விரதத்துக்கு முடிவு உண்டு: தீபம் தெரிந்ததும் இலை போடப்படும். இரமணருக்கு மெலிவு ஒரு குறிக்கோளாக இருந்ததில்லை. அனோரெக்சியாவில் அத்தகைய முடிவு வருவதில்லை; எடை எவ்வளவு குறைந்தாலும் போதாது என்றே தோன்றும். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியலாம். விரதம் என்ற பெயரில் ஒரு நோய் நீண்ட நாள் மறைந்திருக்கவும் கூடும்.

கெஞ்சலும் மிரட்டலும்

1873-இல் லண்டனில் வில்லியம் கல் அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரைத் தந்தார். அதே ஆண்டில் பாரிசில் ஷார்ல் லாசேக் இந்நிலையை விரிவாக விவரித்தார். குடும்பத்தார் முதலில் கெஞ்சுவதையும் பிறகு மிரட்டுவதையும், இரண்டும் பயனற்றுப் போவதையும் அவர் பதிவு செய்தார். குறித்த நேரங்களில் உணவூட்ட வேண்டும், நோயாளியை அடக்கி நடத்தக்கூடியவர்கள் உடனிருக்க வேண்டும் என்றார் கல்; உறவினரைப் பொருத்தமான கவனிப்பாளராக அவர் கருதவில்லை. மருத்துவமனையில் கூடிய எடை, நோயாளியின் மனம் மாறாவிட்டால் வீடு திரும்பியதும் மீண்டும் குறையக்கூடும். இந்தச் சிக்கல் நெடுங்காலம் தீராமல் இருந்தது.

சிகிச்சையின் தோற்றம்

தீர்வுக்கான வழி மது அடிமைநோய்ச் சிகிச்சையிலிருந்து வந்தது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் ஊக்க நேர்காணல் முறையை முன்வைத்தார். நோயாளியோடு வாதிட்டால் அவர் தன் பழைய நிலையையே தற்காத்துப் பேசுவார். மாற்றத்துக்கான காரணங்களை அவரே சொல்லும்படி கேட்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. 1991-இல் ஸ்டீபன் ரோல்னிக்குடன் இணைந்து இதை நூலாக்கினார். மாற்றம் படிப்படியாக நிகழ்கிறது என்ற புரோச்சாஸ்கா, டிகிளமென்டே ஆகியோரின் கருத்தும் இதற்குத் துணைநின்றது. 1990-களில் லண்டனில் ஜேனட் டிரஷரும் உடன் பணியாற்றியவர்களும் இம்முறையை உணவுக் கோளாறுகளுக்கு ஏற்ப அமைத்தனர்.

"ஏன் சாப்பிடவில்லை?" என்று சிகிச்சையாளர் கேட்பதில்லை. "இது உங்களுக்கு எதைத் தந்தது, எதை எடுத்துக்கொண்டது?" என்று கேட்கிறார். மாறும் விருப்பம் 10-க்கு எவ்வளவு என்று கேட்டு, நோயாளி 3 என்றால், "ஏன் 0 இல்லை?" என்று தொடர்கிறார். அதற்கான விடை, மாற்றத்துக்கு ஆதரவாக நோயாளியின் வாயிலிருந்தே வருகிறது. நோயை நண்பனாகக் கருதி ஒரு கடிதமும் பகைவனாகக் கருதி இன்னொரு கடிதமும் எழுதுவது மற்றொரு பயிற்சி.

இந்தியாவில்

1995-இல் டெல்லியிலிருந்து ஐந்து இளம்பெண்களைப் பற்றிய மருத்துவ அறிக்கை வெளியானது. உணவு மறுப்பும் எடை இழப்பும் இருந்தாலும், மேலைநாட்டு நூல்கள் கூறும் உடல் தோற்றக் குழப்பம் அவர்களிடம் காணப்படவில்லை. சென்னையில் டி. என். சீனிவாசனும் உடனாய்வாளர்களும் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து, உள்ளூர்ச் சூழலுக்கான ஒரு வினாப்பட்டியலை உருவாக்கி 1998-இல் வெளியிட்டனர். எடை அச்சத்தை மட்டும் தேடினால் இங்குள்ள நோயாளிகள் சிலர் விடுபட்டுப் போவர் என்பதை டெல்லி அறிக்கை உணர்த்துகிறது. உண்ணாமைக்கு நோயாளி தரும் பொருளை அவரிடமே கேட்டறியும் ஊக்க சிகிச்சை, விரதத்துக்கு மதிப்புள்ள சமூகத்துக்கு இதனால் பொருந்துகிறது.

எல்லைகள்

ஊக்க சிகிச்சை தனித்து நின்று நோயைக் குணமாக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. மாறும் விருப்பத்தையும் சிகிச்சையில் ஈடுபாட்டையும் வளர்க்க அது உதவுகிறது. வளரிளம் பருவத்தினருக்குப் பெற்றோரே உணவுப் பொறுப்பை ஏற்கும் குடும்பவழிச் சிகிச்சைக்குக் கூடுதல் சான்று உள்ளது. கல் விலக்கிவைத்த உறவினர் இன்று சிகிச்சையின் துணைவராகியுள்ளனர். மயக்கம், குறைந்த நாடித்துடிப்பு, விரைவான எடை இழப்பு ஆகியவை இருந்தால் விருப்பம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதற்கட்ட ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 உள்ளது.